கிள்ளிப் பார்த்த வேர்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நான் நுழைந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பத்தாவது வரைதான் படித்தேன். குரோம்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். தொகையைச் சொல்வதற்குக்கூட இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொள்வேன். சின்ன வயதில் இன்னும் மோசம்.

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலைக்கு உள்ளே தள்ளி எங்கள் நிலம் இருந்தது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. சுற்றிலும் மனைக்கற்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். நாமும் விற்றுவிடலாம் என்பது பெரியப்பாவின் பேச்சு. முந்தைய போகங்களில் வேர்க்கடலை மஞ்சளாகிப் போயிருந்ததால் அப்பாவால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

"இந்த ஒரு தபா பாக்கலாம்ணா. வெளையலன்னா நானே வந்து கையெழுத்து போடுறேன்" என்றார்.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் வேளாண்மை டிப்போவிலிருந்து அவர் வாங்கி வந்த ஒரு பொட்டலம். கரித்தூள் மாதிரி இருந்தது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருப்பதாகவும், அவை வேரில் குடியேறிச் செடிக்குச் சத்து கொடுக்கும் என்றும் சொன்னார். அம்மா காய்ச்சிய கஞ்சி நன்றாக ஆறும்வரை பொட்டலத்தைப் பிரிக்கவே விடவில்லை. சூடு பட்டால் செத்துவிடுமாம். அப்புறம் தூளைக் கஞ்சியில் குழைத்து விதையில் புரட்டி, வெயில் படாமல் கூடத்திலேயே உலர்த்தினார். நாங்கள் சுவரோரமாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"இன்னாடா, வெதைக்குக் கஞ்சி ஊத்துற? ஜொரமா அதுக்கு?" என்று பெரியப்பா சிரித்துவிட்டுப் போனார்.

செடி பூவெடுத்த சமயம். அப்பா தாம்பரத்துக்குப் போயிருந்தார். அம்மாவும் நானும் களை எடுத்துக்கொண்டிருந்தபோது பெரியப்பா வந்தார். கூடவே மனை புரோக்கர். வரப்பில் நின்றபடியே பெரியப்பா ஒரு செடியைப் பிடுங்கி உதறினார். வேர் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சுகள், கேழ்வரகைத் தூவி ஒட்டியது போல.

"அண்ணா, இது சீக்கு. காடு பூரா பரவிக்கினு கீது" என்றார் புரோக்கர்.

பெரியப்பாவின் முகம் இறுகியது. "கஞ்சி ஊத்தி வளத்த லட்சணம் இதானா? நாளைக்குக் காலைல டிராக்டர் வுட்டு மொத்தத்தையும் ஓட்டிடுறேன். அவன் வந்தா கையெழுத்துக்கு ரெடியா இருக்கச் சொல்லு."

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றாள். எங்கள் வீடுகளில் தம்பி மனைவி மூத்தவரிடம் நேரில் பேசக்கூடாது. பிள்ளைகள் மூலமாகத்தான் பேச்சு.

"பெரியப்பாவாண்ட சொல்லுடி. அது சீக்கு இல்லியாம். ஒரு முடிச்ச நகத்தால கிள்ளிப் பாக்கச் சொல்லு. உள்ள செவப்பா இருந்தா அந்த மருந்து வேல செய்யுதுன்னு உங்கப்பா சொன்னாரு."

அம்மா சொன்னது வரப்புவரை கேட்டிருக்கும். ஆனால் நான் சொன்னால்தான் அது சொன்னதாகும். எனக்கு வாய் திறக்கவில்லை.

"இன்னா, ஊமையா பொண்ணு?" என்றார் புரோக்கர். "வாங்கண்ணா, பார்ட்டி வெயிட் பண்றாங்க."

பெரியப்பா நகரவில்லை. பிடுங்கிய செடியோடு வெயிலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அம்மா என் முதுகில் கிள்ளினாள். வலியில் குரல் வந்துவிட்டது.

"கிள்ளணுமாம்!"

புரோக்கர் சிரித்தார். பெரியப்பா சிரிக்கவில்லை. ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளினார். உள்ளே சிவப்பு. இன்னொன்றைக் கிள்ளினார். அதுவும் சிவப்பு. தள்ளிப் போய் வேறு பாத்தியில் விரலால் மண்ணைத் தோண்டி, செடியைப் பிடுங்காமலே வேரில் ஒன்றைக் கிள்ளி எடுத்தார். அவர் நகக்கண்ணில் ரத்தம் மாதிரிப் படிந்திருந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. செடிக்கு வலிக்கும்படி நான்தான் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன்.

"அண்ணா, பார்ட்டி..."

"நீ போய் வண்டில உக்காருய்யா."

புரோக்கர் போன பிறகு பெரியப்பா குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். பிடுங்கிய செடியைப் பழைய குழியிலேயே வைத்து மண்ணைத் தள்ளி, உள்ளங்கையால் அழுத்தினார். அம்மாவைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார். "உங்கம்மாவாண்ட சொல்லு. களைய ஒழுங்கா எடுக்கச் சொல்லு."

அம்மாவும் அதை என் வாயால் கேட்கும்வரை காத்திருந்தாள்.

எல்லாவற்றையும் முன்பே காதால் கேட்டுவிட்ட மனிதர், விற்கத் துடித்துக்கொண்டிருந்தவர், ஒரு ஊமைப் பெண்ணுக்காக ஏன் அவ்வளவு நேரம் வெயிலில் நின்றார் என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

மறுநாள் டிராக்டர் வரவில்லை. அவர் திரும்ப நட்ட செடி மட்டும் வாடிச் சாய்ந்திருந்தது. அம்மா அதைப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டாள்.