பாதியில் நின்ற கிரேன்

கும்மிடிப்பூண்டியில் அப்பா வேலை பார்த்த கம்பெனிக்குள் ஆயுத பூஜையன்று மட்டும் வீட்டு ஆட்களை விடுவார்கள். பொரிக்கும் சுண்டலுக்கும்தான் நான் போவேன். அந்த வருஷம் இன்னொரு காரணமும் இருந்தது. தற்காலிக எலக்ட்ரீஷியனாக இருந்த அப்பாவை பூஜை முடிந்ததும் நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். அம்மா எனக்குப் புதுச்சட்டை போட்டுவிட்டாள்.

தீபாராதனை ஆனதும், மாலை போட்ட கிரேன் ஒரு பெரிய இரும்புச் சுருளைத் தூக்கி இறக்கிக் காட்டியது. பிள்ளைகளெல்லாம் "இன்னொரு தபா!" என்று கத்தினோம். ஆபரேட்டரும் சளைக்கவில்லை.

பாரம் இறங்கும்போது மோட்டார் அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். அந்தச் சக்தியெல்லாம் மேலே உள்ள ரெசிஸ்டர் பெட்டியில் சூடாக இறங்கும். பெட்டி அளவுக்கு மீறிச் சுட்டால் மோட்டாரை நிறுத்திவிடும்படி அப்பாதான் அதை இயக்கும் டிரைவ் பேனலில் வரம்பு வைத்திருந்தார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்று தெரிந்தது, சுருள் அந்தரத்தில் நின்றது மட்டும்தான்.

"இன்னாய்யா, கிரேனுக்கு சாமி வந்துடுச்சா?" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். "வேப்பல அட்ச்சாதான் எறங்குமா?"

"பெட்டி சூடாயிகீதுண்ணா. கொஞ்சம் ஆறட்டும்" என்றார் அப்பா.

"நல்ல நாளும் அதுவுமா ஆற வச்சிகினு நிப்பியா? மொதலாளி பாத்துகினு கீறாரு."

மேஸ்திரியின் மகன் என் முதுகில் தட்டினான். "உங்க நைனாதான் ரிப்பேர் ஆக்கிட்டாராடா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, இடுக்கு வழியாகப் பார்த்தேன். அப்பா முதலாளியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு பேனலைத் திறந்து, பட்டன்களை அழுத்தி வரம்பைக் கூட்டினார்.

சுருள் இறங்கியது. கைதட்டினார்கள். முந்தானையை விட்டு வெளியே வந்து நானும் தட்டினேன். மறுபடி தூக்கினார்கள், மறுபடி இறக்கினார்கள். சுருள் தரையைத் தொடும் நேரத்தில் மேலே பெட்டி சிவந்து, குபுகுபுவென்று புகை வந்தது.

"யாரு செட்டிங்க மாத்தினது?" என்றார் முதலாளி.

"நான்தான் சார்."

அத்தோடு அந்த வேலை போயிற்று.

ரயிலுக்குக் காத்திருக்கும்போது அம்மா மெதுவாகக் கேட்டாள்: "ஆறணும்னு நீதான சொன்ன? தெரிஞ்சிகினே ஏன்யா ஏத்தின?"

"இன்னாவோ, தெர்ல" என்றார் அப்பா.

தான் செய்ததற்குக் காரணம்கூடத் தெரியாதவரா என் அப்பா என்று எனக்கு மேலும் வெட்கமாகப் போயிற்று. ரயில் வந்ததும், அவர் பக்கத்தில் இடமிருந்தும், தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டேன்.