பதினொரு பேரும் ஒரு பற்றரியும்

என் மேசையின் இழுப்பு லாச்சியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. அதற்குள் ஐந்து ரூபாய் நாணயக் குற்றியின் அளவில் ஒரு பற்றரியைப் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறேன். எப்போதாவது அதை எடுத்து மீற்றர் வைத்துப் பார்ப்பேன். முதல் தடவை பார்த்தபோது மூன்று வோல்ற்றுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. நன்றாக உயிரோடிருந்த பற்றரி. அதை வெட்டி எடுத்தவன் நான். முப்பது வருடமாக ரேடியோ, ரி.வி. திருத்துகிறேன். நான் கெடுத்த சாமான்களும் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் கெடுத்ததன் சாட்சியைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பது இது ஒன்றுக்குத்தான்.

அது மச்சாளுடைய சாமான். மச்சாள் என் அண்ணனின் மனைவி, என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். பெரியகல்லாற்றில் கடற்கரையை அண்டியிருந்த மச்சாள் வீட்டுக்கு அண்ணன் போனபோது அவருடன் போனவை ஒரு சூட்கேசும் ஒரு வீடியோ கேம் பெட்டியும். சவூதியில் இருந்து வந்தவர்கள் விற்றுவிட்டுப் போகும் பழைய சாமான்களை அடுக்கி வைத்திருந்த ஒரு காத்தான்குடிக் கடையில் வாங்கியது. சாம்பல் நிறப் பெட்டி, இரண்டு கைப்பிடி, ஒரேயொரு கால்பந்துக் கசற். நூற்றுப்பத்து வோல்ற்றில் ஓட வேண்டிய பெட்டியை நேரே சுவர் மின்சாரத்தில் செருகிப் புகைய விட்ட பிறகுதான் அண்ணன் என்னிடம் கொண்டுவந்தார். ஒரு ட்ரான்ஸ்போமர் பூட்டி ஓட வைத்தேன். படம் வந்தது, நிறம் வரவில்லை. பெட்டியின் நிற முறை வேறு, எங்கள் ரி.வி.யின் முறை வேறு. இரண்டு அணியும் சாம்பலில் ஓடின. எவன் யாருடைய ஆள் என்று தெரியாமல் அண்ணனும் மச்சாளும் பிடிக்கும் சண்டை தெரு முழுக்கக் கேட்கும்.

அந்தக் கசற்றில் ஆட்டக்காரரின் பெயர்களை நாமே மாற்றலாம். ஆறு ஆங்கில எழுத்துக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் ஊரையே அணியில் சேர்த்துவிட்டார். கோல் கீப்பர் மச்சாள். இவளைத் தாண்டி ஒரு ஈயும் வீட்டுக்குள் வராது என்று அதற்குக் காரணம் சொன்னார். முன்வரிசையில் அண்ணன், நடுவில் பெரியப்பா, கரைவலை இழுக்க அண்ணனோடு கூடப் போகும் இரட்டைப் பிள்ளைகள், கடைக்கார மாமா, பந்தைக் காலால் தொட்டே அறியாத கோயில் ஐயர். நான் வெளியில், மாற்று ஆட்கள் குந்தும் வாங்கில். எத்தனை தரம் கேட்டும் உள்ளே விடவில்லை. திருத்துகிறவன் வெளியில் நின்றால்தான் நல்லது என்பார். பெட்டியை அணைத்த பிறகும் இந்தப் பெயர்களை மறக்காமல் வைத்திருப்பது கசற்றுக்குள் இருக்கும் அந்தக் குற்றிப் பற்றரிதான். உப்புக் காற்றுக்குப் பயந்து அண்ணன் கசற்றை ஒரு பால்மா டின்னில், ஒரு பிடி அரிசிக்குள் புதைத்து, மூடியை இறுக்கி வைப்பார்.

கடல் ஊருக்குள் வந்த காலையில் அண்ணன் கரைவலைப் பக்கம் போயிருந்தார். மச்சாள் வாவிக்கரையில் தன் சின்னம்மா வீட்டில் இருந்தார். மூன்றாம் நாள் அண்ணனை எடுத்தோம். அதைப் பற்றி அதிகம் எழுத என்னால் இன்றும் முடியாது.

என் கடை வாவிப் பக்கம் இருந்ததால் தப்பியது. தை மாதம் முழுவதும் ஆட்கள் மணலுக்குள் கிடந்ததைத் தோண்டிக்கொண்டு வந்தார்கள். ரேடியோ, மின்விசிறி, சோறு சமைக்கும் கறண்டுப் பானை, எதையும் இல்லை என்று திருப்ப எனக்கு மனம் வரவில்லை. வேலைக்கு ஒரே முறைதான். திறந்தவுடன் முதலில் பற்றரியைக் கழற்று, பிறகு கழுவு, பிறகு காய வை. உப்புத் தண்ணீர் பட்ட பலகையில் பற்றரி இருந்தால் அந்த மின்சாரமே செம்பைத் தின்றுவிடும். கை தன்பாட்டில் செய்யும். மனம் எங்கேயோ இருக்கும்.

அப்படியொரு நாளில் மச்சாள் ஓர் உரப்பையோடு வந்தார். பெட்டியும் கசற்றும் ஒன்றாகக் கிடந்தன.

"பெட்டி கிடக்கட்டும் மச்சான். அந்தப் பதினொரு பேரையும் ஒருக்காப் பாத்தாப் போதும்" என்றார்.

அவர் போன பிறகு இரண்டையும் திறந்தேன். கை வழக்கம்போல வெட்டுக் குறட்டை எடுத்தது, கசற்றின் பற்றரியை நறுக்கியது. கசற்றின் மூடிக்குள் இருந்து ஒரு மணி அரிசி மேசையில் விழுந்தது. அப்போதுதான் பலகையைப் பார்த்தேன். மணல் இல்லை, துரு இல்லை, ஈரம் பட்ட அடையாளமே இல்லை. தாழைப் பற்றைக்குள் டின் மூடியபடி அகப்பட்டதை மச்சாள் பிறகுதான் சொன்னார். கடல் தொடாமல் விட்ட பதினொரு பேரை நான் ஒரு நறுக்கில் அழித்திருந்தேன். அண்ணனை இரண்டாம் தரம் கடலுக்குக் கொடுத்தவன் நான்தான் என்று அன்றைக்கு நினைத்தேன். கசற்றில் புதுப் பற்றரி ஒன்றை வைத்து, ஒட்டுக்கோலால் ஈயம் உருக்கி ஒட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

பெட்டி என்னைக் காப்பாற்றியது. சிவப்பு லைற் எரியும், திரை வெறுமையாக நிற்கும். கசற் செருகும் வாயில் உள்ள ஊசிகளில் வெள்ளைப் பூப் பூத்திருந்தது. பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவிக் காய வைப்பேன். இரண்டு நாளில் பூ திரும்ப வந்துவிடும். மச்சாள் வெள்ளிக்கிழமைதோறும் வந்து கேட்பார். இன்னும் காயவில்லை என்பேன். அது பொய்யில்லை. ஆனால் காயாமலே இருந்தால் நல்லது என்று உள்ளூர வேண்டிக்கொண்டதும் உண்மை.

ஒரு வெள்ளிக்கிழமை மச்சாள் பக்கத்தில் நின்று நான் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கிணத்துத் தண்ணியாலயா கழுவுற நீ? இதில ஊத்தின தேத்தண்ணியே வாயில வைக்கேலாமக் கரிக்குதே."

எனக்குக் கை நின்றது. கடல் வந்து போனதிலிருந்து ஊர்க் கிணறு அத்தனையும் உப்பு. குடிக்கப் பவுசர் லொறியில் வரும் தண்ணீரைச் சாமான் கழுவ எடுப்பது பாவம் என்று கிணற்றில் அள்ளினேன். உப்பை உப்பால் கழுவியிருக்கிறேன். திருத்திக் கொடுத்த ரேடியோக்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்ததற்கும் அப்போதுதான் காரணம் விளங்கியது. இத்தனை வருடத் தொழில்காரனுக்கு அது எட்டவில்லை. தேத்தண்ணீர் குடித்த மச்சாளுக்கு எட்டிவிட்டது.

அந்த வருடம் மாரி பிந்தியும் பெய்தது. மச்சாள் தன் தற்காலிகக் கொட்டிலின் தறப்பாள் கூரையில் வடிந்த மழைத் தண்ணீரை இரண்டு கலனில் பிடித்து வந்தார். கழுவிய பலகையைச் சுளகில் வைத்து, வெயில் நேரே படாமல் காய வைத்தோம். மூன்று நாளாகியும் பூ வரவில்லை. பெட்டி ஓடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மச்சாள் கசற்றைச் செருகக் கையை நீட்டினார்.

"மச்சாள், அந்தப் பேர் ஒண்டும் இதில இல்ல. கடல் அழிக்கல்ல. நான்தான் அழிச்சன்."

அரிசி மணியில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேசையைப் பார்த்தார். ஒட்டுக்கோல் வீணாகச் சுடுகிறது, அணைத்துவிடு என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுளகை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வெள்ளி வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை.

மூன்றாம் வெள்ளி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ரி.வி.யைப் போடச் சொன்னார். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடிப் பெயர்களைப் போடத் தொடங்கினார். முதலில் அண்ணனைப் போட்டார். இடது பக்கம் யார் நின்றது என்று ஓரிடத்தில் தடுமாறினார், நான் ஐயரை ஞாபகப்படுத்தினேன். பதினொருவரில் நாலு பேர் கடலோடு போனவர்கள். அவர்களை எல்லாம் போட வேண்டுமா என்று புத்தியில்லாமல் கேட்டேன்.

"செத்தா ரீமை விட்டு விலத்துறதா?" என்றார். கடைசியில் என் பெயரை வாங்கில் போட்டார். "நீ வெளியிலயே இரு. பற்றரி புடுங்கினவனுக்கு இடமில்ல."

கடலுக்குப் பிறகு அன்றுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். நான் மேசைக்குக் கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்து அழுதேன்.

பிறகு நான் மட்டக்களப்புப் பட்டினத்துக்குக் கடையை மாற்றினேன், பெட்டியும் கசற்றும் மச்சாளிடமே இருந்தன. கசற்றில் வைத்த பற்றரி மலிவானது, நெடுக நிற்காது என்று தெரியும். ஆனால் குண்டுச் சாமான் என்று பிடிக்கக்கூடிய பற்றரியும் வயரும் ஈயமும் பையில் போட்டுக்கொண்டு ஆமிச் சென்றிகளைத் தாண்டிப் போகிற துணிவு அந்த வருடங்களில் எவருக்கும் இருக்கவில்லை. யுத்தம் முடிந்தது என்று சொன்ன வருடம், சோதனைகள் கொஞ்சம் தளர்ந்த பிறகு பெரியகல்லாற்றுக்குப் புறப்பட்டேன். ஒரு சிப்பாய் குற்றிப் பற்றரியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்தான்.

இந்த முறை அவசரப்படவில்லை. பழையதை வெட்டுவதற்கு முன் புதியதை இரண்டு வயரால் பக்கத்தில் தொடுத்து, அதன் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்போதே மாற்ற வேண்டும். வயர் ஒரு கணம் விலகினாலும் எல்லாம் போய்விடும். மச்சாள்தான் வயரை அழுத்திப் பிடித்தார். நான் ஒட்டுக்கோலைப் பிடித்தேன்.

கட்டாரில் இருக்கும் அவருடைய தம்பி மகன் அனுப்பிய புது ரி.வி. எல்லா நிற முறைகளையும் காட்டும். பெட்டியைப் போட்டபோது எங்கள் அணி சிவப்புச் சட்டை போட்டிருப்பதை முதல்முறை கண்டோம். அண்ணன் இதைப் பார்க்கவில்லையே என்று நினைத்தேன். பெயர்ப் பட்டியலைத் திறந்தேன். அண்ணன், பெரியப்பா, இரட்டைப் பிள்ளைகள், மாமா, ஐயர், எல்லோரும் இருந்தார்கள். கோல் கீப்பரின் இடத்தில் ஆறு எழுத்தில் என் பெயர் இருந்தது. மச்சாளின் பெயர் வெளியில், வாங்கில் இருந்தது.

எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். போன வருடமே என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"எனக்கு முழங்கால் ஏலாது மச்சான். இனி நீ நில்லு."

லாச்சியில் இருக்கும் பற்றரியை இன்று காலையும் மீற்றர் வைத்துப் பார்த்தேன். முள் அசையவில்லை. பஞ்சைச் சுற்றித் திரும்ப வைத்தேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கசற்றுக்குப் புதுப் பற்றரி போட நான் பெரியகல்லாற்றுக்குப் போகிறேன், மச்சாள் வயரைப் பிடிக்கிறார். பிறகு இருவரும் ஓர் ஆட்டம் ஆடுவோம். ஒரு பந்தையாவது நான் ஒழுங்காகப் பிடித்தது கிடையாது. ஆனால் பதினொரு பேரும் அப்படியே இருக்கிறார்கள்.