ஊமைப் பேரம்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை. காவல் நிலையத்தில் நாலு தடவை சொல்லியாகிவிட்டது, வீட்டில் நாற்பது தடவை. நடந்ததை நடந்தபடியே இங்கேயும் சொல்கிறேன். பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று யார் சொன்னது? எனக்கு நடந்தது பட்டப்பகலில், மண்டையைப் பிளக்கும் வெயிலில்.

நான் அகழாய்வில் வேலை பார்க்கிறேன். பெரிய வேலை ஒன்றுமில்லை. மண்ணைச் சுரண்டுவது, கிடைத்ததைப் படம் பிடித்து, பையில் போட்டு, எண் எழுதுவது. என் தங்கை அதே குழியில் அளவெடுத்து வரைகிறவள். வீட்டில் அவளுக்குப் பெயர் சின்னவள். வாய் ஓயாது.

எங்கள் இடம் காட்டின் ஓரத்தில் இருந்தது. நடுவில் ஒரு தட்டைப் பாறை. ஏழாயிரம் வருடத்துக்கு முன்னால் பாறைக்கு அந்தப் பக்கம் காட்டில் வேட்டையாடிகள், இந்தப் பக்கம் புதிதாகக் குடியேறிய விவசாயிகள். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாது. அதனால் ஒரு கூட்டம் பாறைமேல் பொருளை வைத்துவிட்டு விலகிப் போகும். மறு கூட்டம் வந்து பக்கத்தில் விலையை வைத்துவிட்டு மறைந்துகொள்ளும். போதவில்லை என்றால் பொருளை வைத்தவர்கள் அந்த விலையைத் தொடக்கூடாது. மறு கூட்டம் இன்னும் கொஞ்சம் வைக்கும். எடுத்துவிட்டால் பேரம் முடிந்தது. கடைசிவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. எங்கள் அகழாய்வுத் தலைவர் அப்படித்தான் ஊகித்திருந்தார்.

விவசாயிகளின் கருகிய தானியம் பாறையடியில் கிடைத்துவிட்டது. வேட்டையாடிகளின் பொருள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அன்று கடைசி நாள். ஐந்து மணிக்குள் ஏதாவது கிடைக்காவிட்டால் குழியை மூடிவிடுவார்கள். எங்கள் இருவருக்கும் வேலை போய்விடும். மூன்று வாரமாக நாங்கள் சரியாகத் தூங்கவே இல்லை.

12.50. எல்லோரும் வேனில் சாப்பிடக் கிளம்பினார்கள்.

"நான் வரலக்கா. இடுப்பு விட்டுப்போச்சு. அஞ்சே நிமிஷம் கட்டையைச் சாய்க்கிறேன்."

"எங்கேயாவது படுத்துத் தொலை. பாறை மேல நிழல் இருக்கு பாரு."

நான்தான் சொன்னேன். என் வாயால்.

தார்ப்பாய் நிழலில், பாறைமேல் அவள் சுருண்டு படுத்தாள். நாற்பதடி தள்ளியிருந்த கொட்டகையில் நான் பைகளை அடுக்கப் போனேன்.

1.12. சத்தம்.

டக்... டக்... டக்...

கல்லோடு கல் மோதும் சத்தம்.

"ஏய், சும்மா கிடக்க மாட்டியா?" என்று கத்தினேன். சட்டென்று நின்றது.

1.15. போய்ப் பார்த்தேன். நல்ல தூக்கத்தில் இருந்தாள். தலைமாட்டில் மூன்று கல் கத்திகள். துளி மண் ஒட்டவில்லை. கூட வேலை பார்க்கும் பையன்கள் யாரோ விளையாடுகிறார்கள் என்று எரிச்சல் வந்தது. ஆனால் படம் பிடிக்காமல் எதையும் தொடக்கூடாது என்பது எங்கள் விதி. கேமராவை எடுக்கப் போனேன்.

1.21. திரும்பி வந்தேன்.

ஏழு கத்திகள்.

பக்கத்தில் ஒரு மாலை. மிருகப் பற்களை வெள்ளையான மெல்லிய கயிற்றில் கோத்திருந்தார்கள்.

சுற்றிலும் காலையில் நான் பெருக்கிய மண். அதில் என் காலடியும் அவள் காலடியும்தான். வேறு எதுவும் இல்லை...

ஒரு கத்தியைத் தொட்டேன். சூடாக இருந்தது. நிழலில் கிடந்த கல், யாரோ இவ்வளவு நேரம் கையில் வைத்திருந்த மாதிரி.

அவளை எழுப்பியிருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா, வேலை தப்பித்தது. அவ்வளவுதான். அலுத்துப்போன மூளைக்கு வேறொன்றும் ஓடவில்லை.

படம் பிடித்தேன்.

எடுத்தேன்.

திரும்பி உட்கார்ந்து, பைமேல் எண் எழுதினேன்.

காட்டுக்குள் யாரோ பெருமூச்சு விட்டார்கள்...

ஒருவர் இல்லை. பலர்.

1.24. திரும்பினேன்.

பாறை காலியாக இருந்தது.

நாய்களை விட்டுத் தேடினார்கள். ஒன்பது நாள். நாய்கள் பாறையைத் தாண்டவே இல்லை. அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பத்தாம் நாள் தலைவரிடம் கெஞ்சி அத்தனையையும் வாங்கிக்கொண்டு போய்ப் பாறைமேல் திரும்ப வைத்தேன். "எனக்கு வேண்டாம், அவளைக் கொடுத்துடுங்க" என்று வாய்விட்டு அழுதேன். கொட்டகையில் மூன்று நாள் காத்திருந்தேன். வைத்தது வைத்தபடியே கிடந்தது.

அகழாய்வை மூன்று வருடம் நீட்டித்தார்கள். என் வேலை நிலைத்துவிட்டது.

முப்பத்துநாலாம் நாள், காலை 11.05. ஆய்வுக்கூடத்திலிருந்து போன். மாலைக் கயிற்றில் ஒரு துண்டைத் தலைவர் முதல் நாளே அவர்களுக்கு அனுப்பியிருந்தார்.

"மேடம், அந்தக் கயிறு மனுஷ முடி. ஏழாயிரம் வருஷப் பழசு. ஆனா ஒரு குழப்பம். கை பட்டுக் கலந்திருக்கான்னு பார்க்க உங்க குழுவில எல்லார்கிட்டயும் எச்சில் வாங்கி வெச்சிருக்கோம் இல்லையா... அதுல ஒருத்தரோட மரபணு அப்படியே பொருந்துது."

"யாரோட?"

"உங்க தங்கச்சியோட. அவங்க தொட்டிருப்பாங்க, மேடம்."

"அவ அதைப் பார்க்கக்கூட இல்லைங்க."



"இன்னொண்ணும் இருக்கு, மேடம். முடி வெள்ளையா இருக்கே, மண்ணுல கிடந்து நிறம் வெளுத்திருக்கான்னு பார்த்தோம். அதெல்லாம் இல்ல. நரைதான். ரொம்ப வயசான ஒரு அம்மாவோட முடி."

காணாமல் போனபோது என் தங்கைக்கு இருபத்தாறு வயது.