அறுவதற்கென்று கட்டிய நூல்

எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். போர்க் கிணற்றில் இறக்கிய மோட்டார் ரிப்பேர் ஆனால் அதை மேலே இழுப்பது. டிராக்டருக்குப் பின்னால் கயிறு சுற்றி இழுக்கிற விஞ்ச். விஞ்சில் கயிறு. கயிற்று முனையில் யாரோ ஒருத்தருடைய மோட்டார். நான் லீவரைப் பிடித்திருப்பேன். மச்சான், அதாவது என் பெண்டாட்டியின் தம்பி, போர் வாயில் நின்று முடிச்சுப் போடுவான். நான் அதிகம் பேச மாட்டேன். என் பங்கையும் சேர்த்து அவன் பேசிவிடுவான்.

இந்தத் தொழிலில் கயிறு அறக் கூடாது. அறுந்தால் மோட்டார் அடியில் போய் உட்காரும். போர் செத்தது. அப்புறம் நகரியிலிருந்து சத்தியவேடு வரைக்கும் டீக்கடையில் நம் பேச்சுத்தான். மச்சான் போட்ட முடிச்சு இதுவரை அறுந்ததில்லை. கேட்காதவர்களிடமும் இதைச் சொல்வான். மீசையைத் தடவிக்கொண்டுதான் சொல்வான்.

போன கோடையில் விஜயபுரத்துப் பக்கம் காய்ந்து கிடந்த ஏரிக்குள் சில பேர் வந்து கூடாரம் அடித்தார்கள். அலுமினியக் குழாயில் துணி விரித்த பெரிய றெக்கை வைத்திருந்தார்கள். அதன் அடியில் ஆள் குப்புறத் தொங்கிக்கொண்டு பறப்பது. மலை இருந்தால் மலையிலிருந்து கிளம்புவார்களாம். ஏரியில் மலைக்கு எங்கே போவது. அதனால் தூரத்தில் விஞ்ச் வைத்து, கயிறு கட்டி, காற்றாடி ஏற்றுவது போல ஏற்ற வேண்டும். மேலே போனதும் அவர்களே கயிற்றைக் கழற்றிவிட்டுப் பருந்து மாதிரி சுற்றுவார்கள். எங்கேயோ போட்டி, அதற்குப் பழக வந்திருந்தார்கள். ஊரில் இதற்கு றெக்கைப் பந்தெம் என்று பேர் வைத்துவிட்டார்கள். கோழிப் பந்தெம் என்று சேவல் சண்டை பார்க்கிற அதே கூட்டம் கரைமேல் வந்து உட்கார்ந்தது. எந்த றெக்கைக்குக் காலில் கத்தி கட்டுவார்கள் என்று ஒருவர் கேட்டார்.

அவர்களுடைய விஞ்ச்காரர் காய்ச்சல் வந்து ஊருக்குப் போய்விட்டார். டீக்கடையில் விசாரித்து எங்களைக் கூப்பிட்டார்கள்.

வேலை சொல்லிக்கொடுத்தது ஒரு மேடம். பெங்களூரில் பல் டாக்டர். பிறந்தது குப்பம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். பறக்கப் போவதும் அவர்தான். கயிற்றின் முனையில் மோட்டாருக்குப் பதில் இந்த அம்மா என்று மச்சான் என் காதில் சொன்னான். பேசாமல் இரு என்றேன்.

கயிற்றுக்கும் அவருக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு நூல் வளையம் மச்சான் கட்ட வேண்டும். இழுப்பு அளவு மீறினால் முதலில் அதுதான் அறும், ஆளை விட்டுவிடும். அறுவதற்கென்றே கட்டுகிற நூல். விஞ்ச் பக்கம் என் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு கத்தி இருந்தது. ஆபத்து என்றால் அதை அழுத்திக் கயிற்றையே வெட்டிவிட வேண்டும். யோசிக்கக் கூடாது, தப்பாக வெட்டினாலும் திட்ட மாட்டேன் என்றார்.

முதல் நாள் காற்று சரியில்லை. நூல் திரும்பத் திரும்ப அறுந்தது. ஒவ்வொரு தரமும் மேடம் மெதுவாக இறங்கி, சிரித்துக்கொண்டே நடந்து வந்தார். கரையில் இருந்தவர்கள் மேடத்தைப் பார்க்கவில்லை. மச்சானைத்தான் பார்த்தார்கள். எங்களிடம் மோட்டார் இழுத்துக்கொண்ட பெரிய குடும்பஸ்தர் ஒருவர் எழுந்து நின்று சொன்னார்:

"நல்லவேள நைனா, எம் மோட்டார இந்த முடிச்சுல இழுக்காம போன."

கரை முழுக்கச் சிரிப்பு. மச்சான் வாய் மூடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அறுந்தது நல்லதுதான் என்று மேடம் எத்தனையோ சொன்னார். தலையை ஆட்டினான். தலை ஆடியது, காது கேட்கவில்லை.

மறுநாள் காலையில் மேடம் கிளம்பும் முன்பு வளையத்தைத் தொட்டுப் பார்த்தார். எப்போதும் பார்ப்பார். நூல்தான் தெரிந்தது. பின்னால் இன்னும் நாலு றெக்கை காத்துக்கொண்டிருந்தது. சரி என்று கையசைத்தார்.

நான் இழுத்தேன். றெக்கை அழகாகத்தான் எழும்பியது. பனை உயரம் தாண்டியதும் பக்கத்துக் காற்று ஒன்று அடித்தது. இடது பக்கம் சாய்ந்தது. மேடம் உடம்பை வலது பக்கம் தள்ளித் திருப்பப் பார்த்தார். திரும்பவில்லை. கயிற்றைக் கழற்ற அவருக்குக் கை ஒழியவில்லை. சாய்ந்த பக்கமே இழுத்துக்கொண்டு போனது. காற்றாடி ஒருக்களித்துச் சுழன்று தரையில் குத்துமே, அது மாதிரி. லீவரை விட்டேன். அப்படியும் கயிறு தளரவில்லை. அடியில் மோட்டார் சிக்கிக்கொண்டால் கயிறு ஒரு முனகல் போடும். அந்தச் சத்தம் வந்தது. நூல் எப்போதோ அறுந்திருக்க வேண்டும்.

வளையம் கட்டிய கையோடு விஞ்ச் பக்கம் வந்திருந்த மச்சான் என்னை நெருங்கினான்.

"மாமா, அது அறாது. உள்ள நைலான் வச்சிகீறேன்."

மோட்டார் ஒயரைக் குழாயோடு கட்டுகிற நைலான். அதை உள்ளே கொடுத்து நூலை மேலே சுற்றியிருக்கிறான். தொழில்காரன் கட்டு, வெளியே ஒன்றும் தெரியாது.

பாரம் தொங்கும்போது கயிற்றை நான் வெட்டியதே இல்லை. எங்கள் வேலையில் அது கொலை. கத்தியை அழுத்தினேன்.

கயிறு போனதும் றெக்கை உதறிக்கொண்டு நேரானது. ஆனால் உயரம் இல்லை. கரைக்கு மேலே தாழ வந்தது. பந்தெம் பார்க்க வந்தவர்கள் எல்லாம் குப்புறப் படுத்தார்கள். பெரிய குடும்பஸ்தர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு படுத்தார். றெக்கை அவர்களைத் தாண்டி வேர்க்கடலைக் கொல்லையில் போய் வயிற்றால் உரசி நின்றது.

நாங்கள் ஓடிப் போவதற்குள் கொல்லைக்காரம்மா போய்விட்டார். கையில் களைக்கொத்து. வரதய்யபாளையம் பக்கம் கம்பெனிக்கு நிலம் எடுத்ததிலிருந்து அவருக்கு அதே பயம்.

"இன்னாம்மா, ரோட்டு வழியா வந்தா வுட மாட்டோம்னு மேல வந்து அளக்கறீங்களா?"

மேடம் குப்புறக் கிடந்தார். மூன்று பாஷையில் எதுவும் வரவில்லை. அப்புறம் சிரிப்பு வந்தது, கூடவே இருமலும் வந்தது. அந்தம்மா களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு, திட்டிக்கொண்டே தண்ணீர் கொடுத்தார். மேடத்துக்கு முழங்கை தோல் போயிருந்தது. வேறொன்றும் இல்லை.

கூடாரத்துக்கு வந்ததும் மேடம் வளையத்தைப் பிரித்தார். உள்ளேயிருந்து நைலான் வந்தது. யார் என்று கேட்கவில்லை. மச்சானுடைய முகத்திலேயே எழுதியிருந்தது. உட்காரச் சொன்னார். நின்றான்.

"என் ஃப்ரெண்டு ஒருத்தரு. போட்டில நூல் அறுந்துகினே இருக்குதுன்னு அவரே கெட்டியா போட்டுகினாரு. அன்னிக்கு அறல."

கை கால் அடியா என்று மச்சான் கேட்டான். மேடம் இல்லை என்று தலையை ஆட்டினார். ஆளே போயிட்டாரு என்றார்.

வெளியே யாரோ றெக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் மத்தியானம் துன்னவில்லை. சாயங்காலம் போய், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள், என் கை சரியில்லை என்று சொன்னான். மேடம் நூல்கண்டை எடுத்து அவன் கையில் வைத்தார். நாளைக்கு முதலில் பறப்பது நான், எனக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும் என்றார்.

"அறுந்தா, மேடம்?"

"அறுந்தா கை தட்டுங்க."

மறுநாள் அவன் கட்டுவதைப் பார்த்தேன். எத்தனை மோட்டாருக்கு முடிச்சுப் போட்ட கை. அந்த ஒற்றை நூலை இரண்டு தரம் பிரித்துக் கட்டியது. கட்டி முடித்துவிட்டு, உள்ளே ஒன்றும் இல்லை பாருங்கள் என்று மேடத்திடம் விரித்துக் காட்டினான். அவர் பார்த்தார். நானும் போய்ப் பார்த்தேன்.

கரையில் கூட்டம் அன்றைக்கு அதிகம். கொல்லைக்காரம்மாவும் வந்திருந்தார், களைக்கொத்தோடு. இழுத்தேன். எழும்பியது. அதே பக்கத்துக் காற்று அடித்தது. றெக்கை சாயத் தொடங்கியது. என் கை கத்திக்குப் போனது.

டப் என்று ஒரு சத்தம். நூல் அறுந்தது. கயிறு தனியாக விழுந்தது. மேடம் சாவகாசமாக ஒரு வட்டம் போட்டு, கொக்கு மாதிரி வந்து ஏரியிலேயே இறங்கினார்.

"மறுபடியும் அத்துட்டான் பாரு," என்று பெரிய குடும்பஸ்தர் கத்தினார். கரை சிரித்தது.

மச்சான் எழுந்து நின்று கை தட்டினான். அத்தனை பேர் நடுவில் அவன் ஒருத்தன் மட்டும். மீசை பழைய இடத்துக்கு வந்திருந்தது.

கயிற்று முனையில் இப்போது யாரும் இல்லை. லீவரை விட்டுவிட்டு நானும் தட்டினேன்.