அவள் உட்கார்ந்த நாலு இடங்கள்

என் மனைவியைப் பார்த்துவிட்டு டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். "தினமும் ஒரு மைல் சமதரையில நடக்கட்டும், மேடு வேண்டாம், படி வேண்டாம்" என்பது ஒன்று. "மூச்சு வாங்குதான்னு அவங்களைக் கேக்காதீங்க, நீங்க பாருங்க" என்பது இரண்டாவது. முதலில் சொன்னதை நான் ஒரு நாள் விடாமல் செய்தேன். இரண்டாவதைக் காதில் வாங்கியதோடு சரி.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மிளகுக் கிடங்குகளுக்கும் சுக்குக் கிடங்குகளுக்கும் இடையில் எனக்கு ஒரு தையல் கடை இருந்தது. கடை என்றால் ஒரு மெஷின், துணி வெட்டுகிற பலகை, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சுதான் எனக்குப் பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனுக்கு மிச்சப் படிப்பெல்லாம் அதில் உட்கார்ந்தவர்கள் வாயிலிருந்து கிடைத்தது. மூட்டை தூக்குகிறவர் ஒருவர் ஒருமுறை, "மாஸ்டரே, எனக்கு முழுச் சட்டை எதுக்கு? தோள் மட்டும் ரெண்டு தைச்சுக் குடுங்க, அதுதான் தினமும் கிழியுது" என்றார். இப்படி யாராவது எதையாவது சொல்லிவிட்டால் போதும், அதை நாலு பேரிடம் சொல்லித் தீர்க்கிற வரை எனக்குச் சோறு இறங்காது.

என் மனைவிக்குச் சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்திருக்கிறது. மூட்டு சரியாகிவிட்டது, காய்ச்சல் நெஞ்சுக்குள் போய் ஒளிந்துகொண்டது என்று டாக்டர் சொன்னார். இதயத்துக்குள் ஒரு கதவு இருக்கிறதாம், அது முழுதாகத் திறப்பதில்லை. பிள்ளை பெறக் கூடாது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அதை நாங்கள் அழுது முடித்திருந்தோம். இப்போது அவர் சொன்னது வேறு. சமதரையில் மூச்சு வாங்காத வரைக்கும் மாத்திரை போதும். வாங்க ஆரம்பித்துவிட்டால் அன்றைக்கே அழைத்துவர வேண்டும், ஆபரேஷன் செய்ய வேண்டும். "வச்சுத் தாமதிச்சா ஆள் கிடைக்காது" என்றார். அதையும் அவள் எதிரிலேயே சொன்னார்.

சமதரைக்கு மட்டாஞ்சேரியில் எங்கே போவது? பஜாரில் கைவண்டியும் லாரியும் போக மிச்சமிருக்கிற இடத்தில்தான் மனிதன் நடக்க வேண்டும். அதனால் சாயங்காலம் நாலரைக்குக் கடையை மூடிவிட்டு இருவரும் பஸ் ஏறிக் கோட்டைக் கொச்சிக்குப் போவோம். பஸ் நிற்கிற இடத்திலேயே, கரையில் நட்ட மரச்சட்டங்களில் தொங்கும் பெரிய சீனவலைகள். அங்கிருந்து தண்ணீரை ஒட்டி ஒரு பாதை. வலது கைப்பக்கம் கப்பல் நுழைகிற முகம், அக்கரையில் வைப்பின் தீவு. இடது கைப்பக்கம் தூங்குமூஞ்சி மரங்கள், துருப்பிடித்துக் கிடக்கும் ஒரு பழைய கொதிகலன், அப்புறம் பிள்ளைகள் விளையாடும் பார்க். பார்க்கைத் தாண்டினால் கடலைப் பார்த்தபடி ஒரு சிமெண்ட் பெஞ்சு. அதுவரை போய், சற்று உட்கார்ந்து, திரும்ப வேண்டும். பாதை விரித்த உள்ளங்கை மாதிரி சமமாகக் கிடக்கும்.

நான் முன்னால் நடப்பேன், அவள் பின்னால் வருவாள். எங்கள் ஆட்களில் அப்படித்தான். என் அப்பா முன்னால் போக அம்மா பின்னால் போனாள். பெண்டாட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்து நடக்கிறவனைத் தெருவே ஒரு வாரம் பேசும். அது மட்டுமில்லை, எனக்கு வாய் சும்மா இருக்காது. வலை இழுக்கிறவர்களிடம் நாலு பேச்சு, ஐஸ் விற்கிறவரிடம் நாலு பேச்சு. பேசிக்கொண்டே பெஞ்சுக்குப் போய்ச் சேருவேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் வருவாள்.

"என்ன, இவ்வளவு நேரம்?"

"கப்பல் ஒண்ணு உள்ள வந்துச்சு. பாத்துட்டு நின்னுட்டேன்."

இன்னொரு நாள், "வலை தூக்கினாங்க. அத்தனை பேர் இழுத்து ஒரே ஒரு மீனு. அதுவும் குதிச்சு ஓடிடுச்சு."

"மூச்சு வாங்குதா?"

"எனக்கொண்ணும் இல்ல. நல்ல காத்து."

நான் தினமும் கேட்டேன், அவள் தினமும் இல்லை என்றாள். மூன்று மாதம் இப்படிப் போயிற்று. அதற்குள் இரண்டு முறை ரவிக்கையைத் தளர்த்தித் தரச் சொன்னாள். நெஞ்சைப் பிடிக்கிறது என்றாள். தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டுத் தைத்துக் கொடுத்தேன். நடந்து பசியெடுத்துச் சாப்பிடுகிறாள், உடம்பு தேறுகிறது என்று சந்தோஷமும் பட்டேன். ஊரெல்லாம் அளக்கிற டேப் என் கழுத்திலேயே தொங்கியது. அவளை நான் அளந்து பார்க்கவில்லை. அளந்திருந்தால் பழைய அளவுதான் இருந்திருக்கும்.

ஒரு நாள் வீட்டில் விருந்தாளி வந்துவிட்டதால் அவள் வரவில்லை. பழக்கத்தில் நான் மட்டும் போனேன். பார்க் வாசலில் கப்பலண்டி வறுத்து விற்கிற ஒரு பெண், சட்டையும் முண்டும் உடுத்தவள், கையைத் தட்டிக் கூப்பிட்டாள். கப்பலண்டி என்றால் அங்கே வேர்க்கடலை.

"மாஸ்டரே, இன்னு ஒற்றைக்காணோ? சேச்சி எந்தியே?"

தனியாகவா, அக்கா எங்கே என்று கேட்கிறாள். வீட்டில் ஆள் வந்திருக்கிறது என்றேன்.

"ஞான் ஒரு காரியம் பறயட்டே? பறயருதுன்னு சேச்சி என்னைக்கொண்டு சத்தியம் செய்யிச்சதா."

சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். அந்தப் பெண் சத்தியத்தை உடைத்துச் சொன்னாள். சேச்சி நாலு இடத்தில் உட்காருவாளாம். வலைகளைத் தாண்டினதும் முதல் மரத்தடிக் கல். கொதிகலனுக்குக் கீழே இருக்கும் செங்கல் திட்டு. மூன்றாவது, இவள் அடுப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட டின். நாலாவது, பார்க் சுவரின் முடிவில், என் பெஞ்சிலிருந்து பார்த்தால் தெரியாத திருப்பம். அங்கே உட்கார்ந்து மூச்சு அடங்கி, முகத்தைத் துடைத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து வருவாளாம்.

"இன்னலெ சுண்டு நீலிச்சு, மாஸ்டரே. எனிக்குப் பேடியாயி."

முந்தின நாள் என் மனைவியின் உதடு நீலமாகிவிட்டது, பார்த்து இவள் பயந்துவிட்டாள். முந்தின நாள்தான் அவள் எனக்குக் கப்பலின் நிறத்தை விவரமாகச் சொன்னாள்.

நான் பெஞ்சுக்குப் போகவில்லை. சுவர்த் திருப்பம் வரை போய்ப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பி மற்ற மூன்று இடங்களையும் பார்த்தேன். முதல் கல்லில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து பாதை முழுக்கத் தெரிகிறது. முன்னால் போகிற ஒரு ஆளின் முதுகு வெகுதூரம் வரைக்கும் தெரியும்.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "நீ முன்னால நட" என்றேன்.

"எதுக்கு?"

"நடயேன்."

"ஆளுங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

சிரிக்கத்தான் செய்தார்கள். வலைக்காரர்களில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடியே கத்தினார். "மாஸ்டரே, இன்னு சேச்சி மும்பிலாணல்லோ! பட்டாபிஷேகம் கழிஞ்ஞோ?" இன்று அக்கா முன்னால் போகிறாளே, பட்டம் கட்டி முடிந்ததா என்கிறார். மற்றவர்கள் ஓவென்று சிரித்தார்கள். அவள் கழுத்து சிவந்தது. வேறு நாளாக இருந்தால் அந்தப் பேச்சை நான் பொன் மாதிரி எடுத்து முடிந்து வைத்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு எனக்குக் காது வேலை செய்யவில்லை. அவள் முதுகையே பார்த்து நடந்தேன்.

முதுகு எனக்குத் தெரியும். தோள் எவ்வளவு, இறக்கம் எவ்வளவு என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். முப்பது அடி போவதற்குள் அவள் இரண்டு தோளும் காதுப்பக்கம் ஏறத் தொடங்கின. கிணற்றிலிருந்து வாளி இழுக்கிறவள் தோள் மாதிரி ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கின. ஆனாலும் நிற்காமல் நடந்தாள். முதல் கல் வந்தது. உட்காராமல் தாண்டினாள்.

"போதும், உக்காரு."

"எனக்கொண்ணும்..." அதற்கு மேல் அவளுக்கு வார்த்தை வரவில்லை.

கொதிகலன் திட்டில் உட்கார வைத்தேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு அவளே கேட்டாள்.

"கப்பலண்டிக்காரி சொன்னாளா?"

"ஆமா. ஏன் மறைச்ச? ஆபரேஷனுக்குப் பயமா?"

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது பயந்தான். ஆனா அதுக்காக இல்ல. சொன்னா டாக்டர் நடக்க வேண்டாம்னு படுக்க வச்சிடுவார்."

"படுத்தா என்ன?"

"கல்யாணமாகிப் பதினாலு வருஷம். ரேஷன் கடை, கோயில், ஆஸ்பத்திரி. இதத் தவிர நான் எங்க போயிருக்கேன்? ஒரு வேலையும் இல்லாம, கையில பையும் இல்லாம வெளிய வர்றது இது ஒண்ணுதான். இது போயிட்டா அப்புறம் எனக்கு என்ன இருக்கு?"

  நான் சொன்னது ஒன்றுதான். ஆபரேஷன் முடிந்து வந்தால், கடையை மூடினாலும் மூடாவிட்டாலும், நான் உயிரோடு இருக்கிற வரை தினமும் இங்கே கூட்டிவருவேன் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சத்தியமா?" என்றாள். செய்துகொடுத்தேன்.

அன்றைக்கே அவளை அழைத்துப்போனேன். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு முடித்தபின் என்னிடம் திரும்பினார்.

"நீங்க கூட நடந்தீங்க அல்லே? பாக்கலையா?"

"நான் முன்னால நடந்தேன், டாக்டர்."

 அவர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. இடது மார்புக்குக் கீழே தொடங்கி முதுகு வரைக்கும் அவளுக்கு ஒரு தையல் வந்தது. கட்டுப் பிரித்த அன்றைக்கு அதைப் பார்க்க என்னை விட்டார்கள். தையல் நேராக இருந்தது. அதை மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அவள், "நீங்க தைச்சத விட நல்லா இருக்கா?" என்று கேட்டுச் சிரிக்கப் பார்த்தாள், வலித்தது.

அதற்குப் பின் ஏழெட்டு வருடம் நன்றாக இருந்தாள். பாதையில் எங்கேயும் உட்காராமல் பெஞ்சு வரை போய்த் திரும்பினாள். கப்பலண்டிக்காரியிடம் மட்டும் நிற்பாள். சத்தியத்தை உடைத்ததற்கு முதல் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அப்புறம் இருவரும் என்னை விட்டுவிட்டு மணிக்கணக்கில் பேசினார்கள்.

எண்பதுகளில் ஒரு மழைக்காலம் முடிந்த சமயம், வலைகளைத் தாண்டும்போது அவள் நின்றாள். வலைக்காரர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். உரக்கவே சொன்னாள்.

"இங்கேருங்க. எனக்கு மூச்சு வாங்குது."

அந்தக் கதவு மறுபடியும் இறுகிவிட்டது. இந்த முறை டாக்டர் வேறொருவர், இளவயது. இரண்டாம் தடவை திறக்கிற நிலையில் உடம்பு இல்லை என்றார். மாத்திரையை மாற்றினார். படுக்கச் சொல்லுவார் என்று நான் பயந்தேன். "முடியுற வரைக்கும் போய் வரட்டும்" என்றார்.

போய் வந்தோம். முதலில் பார்க் வாசல் வரைக்கும், பிறகு கொதிகலன் வரைக்கும். கடைசி வருடம் முதல் மரத்தடியோடு சரி. "இன்னிக்கு இவ்வளவுதான்" என்பாள். அந்தக் கல்லில் இருவருக்கும் இடம் இருந்தது. கடைக்கு வந்தவர்கள் சொன்னதையெல்லாம் அவளுக்குச் சொல்வேன். ஒரு நாள் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. கடையில் யாரும் வாய் திறக்கவில்லையா என்று கேட்டாள். எனக்குத்தான் காது கொடுக்கத் தோன்றவில்லை என்றேன்.

"சரி, நான் சொல்றேன்" என்று தொடங்கினாள். கப்பலண்டிக்காரிக்கும் ஐஸ்காரருக்கும் மரநிழலுக்காக நடந்த சண்டை. ஐஸ்காரர், "உன் அடுப்பு எரிஞ்சா என் ஐஸ் அழுவுது" என்று சொன்னாராம். அதற்கு அவள் சொன்ன பதிலை என் மனைவி இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினாள். பாதியில் மூச்சு முட்டியது. கையைத் தூக்கி, மிச்சம் நாளைக்கு என்று ஜாடை காட்டினாள்.

மிச்சத்தை மறுநாள் அதே கல்லில் உட்கார்ந்து சொல்லி முடித்தாள். அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டாள்.