திருட்டு வின்னி

'மூன்று நாரைகள்' ஹோட்டலின் பாருக்குள் மோரீன் டாப்ஸ்காட் அறுபத்தேழு வயதுவரை கால் வைத்ததில்லை. அவள் அம்மா வின்னி அங்கே ஏழு வருடம் மது ஊற்றிக் கொடுத்தவள். 1961இல் ஒரு வெள்ளிக் குவளை காணாமல் போனது. கூடியிருந்தவர்கள் முன்னால் வின்னியின் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். எதுவும் கிடைக்கவில்லை, ஆனாலும் துரத்திவிட்டார்கள். இங்கிலாந்தின் டெவனில் எங்கள் ஊர் சின்னது. அதற்குப் பிறகு அவளை வீட்டு வேலைக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை. மீன் கிடங்கில் ஐஸ் உடைத்தே விரல்கள் கோணிப்போய்ச் செத்தாள்.

போன மார்ச்சில் நான்தான் வாயை விட்டேன். மோரீனும் நானும் பஸ் டிப்போவில் இருபது வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள்.

"உங்கம்மா பேர்ல அங்க ஒரு காக்டெயில் விக்கிறாங்கடி. 'திருட்டு வின்னி'யாம்."

அன்று மதியமே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன். மேசை அட்டையில் அச்சடித்திருந்தது: வெள்ளியைத் திருடிக் காதலனோடு ஓடிப்போன அழகி.

மேனேஜர் பியர்ஸுக்கு முப்பது வயதிருக்கும். "சும்மா தமாஷுக்குத்தான் மேடம். உக்காருங்க, உங்களுக்கு ஒரு கிளாஸ் ஃப்ரீயா தர்றேன்."

"எங்கம்மாவைத் திருடின்னு எழுதி வச்சுட்டு, அதையே எனக்கு ஊத்தித் தருவியா? எந்தக் காதலன்டா? எங்கப்பாவோட அதே வீட்லதான் சாகற வரைக்கும் இருந்தா!"

பாரே திரும்பிப் பார்த்தது. மூலையிலிருந்து சிரில் சிரித்தார். அந்தக் காலத்தில் அங்கே பெட்டி தூக்கியவர். இப்போது எண்பத்துமூன்று வயது.

"பழசை விடேன் மோரீன்."

"அவ பையைக் கொட்டினதே நீதானே சிரில்? என்ன கிடைச்சுது, சொல்லு!"

சிரில் பீரைக் கீழே வைத்தார். "ஒரு சீப்பு. ஒரு ரொட்டித் துண்டு." வாயைத் துடைத்துக்கொண்டார். "குவளை அடுத்த மாசமே கணப்பு அடுப்புக்குப் பின்னால கிடைச்சுது. நான்தான் எடுத்தேன். மூச்சு விடாதேன்னுட்டார் முதலாளி."

மோரீன் மேசை மேசையாகப் போய் அத்தனை அட்டைகளையும் பொறுக்கிக் கிழித்தாள். பியர்ஸ் தடுக்கவில்லை.

காக்டெயிலின் பேரை மாற்றிவிட்டார்கள். "தங்களுக்கு ஏற்பட்ட மனவருத்தத்துக்கு வருந்துகிறோம்" என்று ஹோட்டலிலிருந்து மோரீனுக்குக் கடிதம் வந்தது. 'எனக்கில்லை, வின்னிக்கு எழுதுங்கள்' என்று அதன்மேலேயே எழுதித் திருப்பி அனுப்பினாள். பதில் இல்லை. தபால் நிலையத்தில் சிரில் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்கிறார். இவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.