மேக்கரைப் பாதையில் இரண்டு சைக்கிள்கள்

வெள்ளிக்கிழமை மாலை எழும்பூரில் ரயில் ஏறினேன். சைக்கிளின் சக்கரங்களைக் கழற்றிப் பெரிய பையில் கட்டியிருந்தேன். அதைக் கீழ்ப் படுக்கைக்கு அடியில் தள்ளி முடிப்பதற்குள் எதிர் சீட்டுக்காரர் பல தடவை காலைத் தூக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

"தென்காசியில சைக்கிள் கிடைக்காதாம்மா?" என்றார்.

மலைப்பாதையில் ஓட்டுகிற சைக்கிள் என்றேன். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு எல்லோரும் குளிக்கத்தானே போவார்கள் என்று அவர் வியந்தார். நானும் குளிப்பேன் என்று சொல்லி வைத்தேன்.

உண்மையில் ஹேமாவைத் திரும்பக் கூட்டிவரத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

ஹேமா கால்நடை மருத்துவர். தாம்பரத்தில் எனக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தாள். ஆறு வருடங்கள், ஞாயிறு தவறாமல், வண்டலூருக்குப் பின்னால் இருக்கிற முட்காட்டிலும் கைவிட்ட கல்குவாரிகளிலும் நாங்கள் இருவரும் சைக்கிள் ஓட்டினோம். எட்டு மாதத்துக்கு முன் அவளைச் செங்கோட்டைப் பக்கம் வடகரை அருகே மாற்றினார்கள். கிளம்புகிற அன்று, "அந்த ஊர்ல எனக்கு யாரைத் தெரியும் சுதா? எந்த வழி எங்க போகும்னு யார் சொல்லுவா?" என்று அழுதாள். முதல் மாதம் தினமும் போன் வந்தது. மூன்றாம் மாதத்திலிருந்து படங்கள் வந்தன. படங்களில் பச்சை மலை, சேறு, சிரிப்பு. பக்கத்தில் எப்போதும் ஒரே பெண். இசக்கி என்று பெயர் சொன்னாள். பிறகு போனும் குறைந்தது.

செங்கல்பட்டு அருகே அவளுக்கு ஏற்ற இடம் ஒன்று காலியாக இருப்பதாகப் போன வாரம் கேள்விப்பட்டேன். அதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும்போல் இருந்தது.

சனிக்கிழமை காலை கடையநல்லூர் தாண்டியதும் வலப்பக்கம் மலை நெருங்கி வந்தது. மேகம் பாதி மலையை மறைத்திருந்தது. மலைக்கும் ரயிலுக்கும் நடுவே வயல், தென்னந்தோப்பு, குளம், மறுபடியும் வயல். ஒவ்வொரு தோப்புக்குள்ளும் ஒரு செம்மண் தடம் மலையைப் பார்த்து ஓடியது. இதில் எதையெல்லாம் நானில்லாமல் ஓட்டியிருப்பாள் என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

தென்காசி நிலையத்தில் ஹேமா நின்றாள். கறுத்திருந்தாள், இளைத்திருந்தாள், அது அவளுக்கு அழகாகவும் இருந்தது. கட்டிப்பிடித்தாள். அடுத்த நொடியே, "இங்கன நில்லு, ஆட்டோ கூட்டியாரேன்" என்றாள். தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவள். எட்டு மாதத்தில் இங்கனவாம்.

சைக்கிளோடு குத்துக்கல்வலசைக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். ஹேமா, "என்ன அண்ணாச்சி, நான் தெனமும் போறவ" என்று நூற்றிருபதுக்கு முடித்தாள். அவள் வீடு வயலை மனையாக்கிக் கட்டிய புதுத் தெருவில் இருந்தது. மொட்டை மாடியில் ஏறினால் மலை முழுவதும் தெரிந்தது. குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். வெள்ளைக் கோடாக அருவியைக் காட்டினாள்.

"வழியெல்லாம் எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டேன்.

"மாடுதான் காட்டுச்சு" என்றாள். வைத்தியத்துக்குப் போகிற வீடுகளில், உங்கள் மாடு எந்தப் பக்கம் மேயப் போகும் என்று கேட்பாளாம். மாடு ஏறி இறங்குகிற வழியில் சைக்கிளும் ஏறி இறங்கும். அப்படியே குளத்தங்கரை, வாய்க்கால் கரை, தோப்பு ஓரம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்திருக்கிறாள். வனத்துறைப் பலகை இருக்கும் இடத்தோடு திரும்பிவிடுவாள். ஒரு நாள் உடம்பெல்லாம் சேறாக அவள் வரும்போது, சாலையில் வண்டிகளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்த பெண் போலீஸ் ஒருத்தி இவளையும் நிறுத்தியிருக்கிறாள். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று விசாரித்தாளாம். அடுத்த ஞாயிறு அதே இடத்தில் சைக்கிளோடு காத்திருந்தாளாம். அதுதான் இசக்கி.

இதைச் சொல்லும்போது ஹேமாவின் முகம் மலர்ந்தது. எங்களுடைய முதல் சந்திப்பை அவள் யாரிடமாவது இப்படிச் சொல்லியிருப்பாளா என்று யோசித்தேன்.

அன்று மாலையே இசக்கி வந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். சொந்த ஊர் வீரகேரளம்புதூர். அப்பா விவசாயம், அண்ணன் ராணுவம், இவள் போலீஸ். என்னைப் பார்த்து, "வாங்கக்கா, பயணம்லாம் சௌரியமா இருந்துச்சா?" என்றாள். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் சிரிக்கவில்லை. திரும்பி, "ஏட்டி, அந்தப் பின் பிரேக்கைச் சரி பண்ணுனியா இல்லியா?" என்று ஹேமாவைக் கேட்டாள்.

ஏட்டி. ஒரு டாக்டரை. ஹேமா அதற்கு நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

மூவரும் சைக்கிளில் மேலகரம் வழியாகக் குற்றாலம் போனோம். பெரிய அருவிப் பக்கம் கார்களும் வேன்களும் நெருக்கின. எண்ணெய் தேய்த்த உடம்புகள் ஈரத் துண்டோடு சாலையைக் கடந்தன. ரம்புட்டான் கூடைகளுக்கு நடுவே சைக்கிளை உருட்டி, பழைய குற்றாலம் போகும் சாலையிலிருந்து இசக்கி எங்களை ஒரு தோப்புக்குள் திருப்பினாள். இரண்டே நிமிடத்தில் கூட்டத்தின் இரைச்சல் அடங்கிவிட்டது. ஈரச் செம்மண், வேர்கள், நடுநடுவே வழுக்குப் பாறை. சென்னையில் நான் ஆறு வருடம் ஓட்டிய முட்காட்டை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஓரிடத்தில் பாதை ஆளுயரப் பாறையிலிருந்து சரிவாக இறங்கியது. குவாரியில் இதைவிடச் சிறிய சரிவில்கூட ஹேமா இறங்கி உருட்டித்தான் வருவாள். நான் மேலே நின்று வாய்விட்டுச் சிரிப்பேன். இன்று அவள் நிற்கவே இல்லை. உடம்பைப் பின்னால் தள்ளி, பிரேக்கை மெல்ல விட்டு, சொட்டு நீர் இறங்குவதைப் போல இறங்கிப் போனாள். கீழே நின்ற இசக்கி கையை நீட்ட, ஹேமா போகிறபோக்கில் அதில் தட்டிவிட்டுப் போனாள்.

நானும் இறங்கினேன். சரியாகத்தான் இறங்கினேன். தட்டுவதற்குக் கை எதுவும் நீண்டிருக்கவில்லை. அவர்கள் அடுத்த வளைவுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

ஞாயிறு அதிகாலை ஹேமாவின் போன் அடித்தது. வடகரையில் ஒரு பசு கன்று போட முடியாமல் தவிக்கிறதாம். கையுறையும் பையுமாகக் கிளம்பியவள், "நீயும் இசக்கியும் மேக்கரைப் பக்கம் போயிட்டு வாங்க. நான் முடிச்சிட்டு வடகரை ஓட்டல்ல காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் பறந்துவிட்டாள்.

இரவு எங்களோடு தங்கியிருந்த இசக்கியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வேண்டாம் என்று சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை.

இலஞ்சி, செங்கோட்டை, வடகரை என்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தார்ச்சாலை. வழியில் ஒரு டீ, பன்னிரண்டு ரூபாய். யார் கொடுப்பது என்பதில்கூட ஒரு போட்டி. வடகரை தாண்டியதும் மேக்கரையை நோக்கித் தோப்போரப் பாதையில் இறங்கினோம். இசக்கி முன்னால் போனாள். நன்றாக ஓட்டினாள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நான் விடாமல் அவள் பின்சக்கரத்தை ஒட்டியே போனேன். அவள் வேகத்தைக் கூட்டினாள், நானும் கூட்டினேன். மலை இரண்டு பக்கமும் நெருங்கி வந்தது. அதை நின்று பார்க்கக்கூட இல்லை.

திடீரென்று இசக்கி பிரேக் பிடித்தாள். பாதையின் குறுக்கே இரண்டு தென்னைகள் சாய்ந்து கிடந்தன. குருத்து பிய்ந்திருந்தது. பக்கத்தில் யானைச் சாணம், இன்னும் ஈரம் காயாமல்.

"ராத்திரி எறங்கிருக்கு. திரும்பிருவோம்க்கா" என்றாள்.

"ராத்திரி வந்தது இப்பவா இருக்கும்? விடிஞ்சு இவ்வளவு நேரமாச்சே."

"இருக்கும், இல்லாமப் போகும். நான் போக மாட்டேன்."

அதோடு விட்டிருக்கலாம். "ஹேமா இருந்தா போயிருப்பா" என்றேன்.

இசக்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். போலீஸ்காரியின் முகம் வந்துவிட்டது.

"அஞ்சாறு மாசமா நானும் இதத்தான் கேக்குதேன். சுதா இருந்தா போயிருப்பா. சுதா இந்தப் பாறையக் கண்ண மூடிட்டு எறங்குவா. சுதா பஞ்சர் ஒட்டுனா ஒரு வருசத்துக்கு நிக்கும். எந்த ஏத்தத்துல நான் முந்துனாலும், இத சுதா பாத்திருக்கணும்பா. ஒருநா ஆத்திரத்துல, அப்ப அந்தச் சுதாகிட்டயே போயேன்னு சொல்லிட்டேன். ரெண்டு வாரம் பேசல நாங்க."

நானும் ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"நேத்து நீங்க அந்தப் பாறையில எறங்கையில நான் பாக்கவே கூடாதுன்னு முன்னால போனேன். நல்லா எறங்குவீயன்னு தெரியும். அதப் பாத்துட்டு இவ வேற ஒரு மாசம் பேசுவா."

சாய்ந்த தென்னையிலிருந்து நன்றாகத் தள்ளி, ஓடைப் பாலத்து மதில்வரை சைக்கிளை உருட்டிவந்து உட்கார்ந்தோம். அவளுடைய சைக்கிள் படங்களில் பார்த்த அளவுக்குப் புதிதில்லை என்பதையும், முழங்காலில் ஒரு பெரிய தழும்பு இருப்பதையும் அப்போதுதான் கவனித்தேன். அவளுடைய படங்களை நான் எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று சொன்னேன். ஹேமா அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அடுப்பில் வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிடுவேன் என்பதையும் சொன்னேன். இசக்கி முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"அவளக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தீயளா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. செங்கல்பட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"கேட்டியளா?"

"இன்னும் இல்ல."

"கேளுங்க. நான் குறுக்க வர மாட்டேன். ஆனா நான் இருக்கையிலேயே கேட்டிருங்க. பெறவு அவ சொல்லி எனக்குத் தெரிய வேண்டாம்."

திரும்பும் வழியில் வாய்க்கால் கரையில் அருகருகே ஓட்டினோம். ஒடுக்கமான இடங்களில் ஒருவருக்கொருவர் வழி விட்டோம். அந்தக் காலையின் மலையை அப்போதுதான் பார்த்தேன்.

வடகரை ஓட்டலில் ஹேமா ஏற்கெனவே இரண்டாவது தட்டு இட்லியில் இருந்தாள். சட்டைக் கையெல்லாம் கறை. பசுவும் பிழைத்தது, கன்றும் பிழைத்தது, கிடாரிக் கன்று. எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். நான் தள்ளிப் போடவில்லை. செங்கல்பட்டுப் பக்கம் இடம் காலி, எழுதிக் கொடுத்தால் கிடைக்கும் என்றேன். இசக்கி இட்லியைப் பிய்த்த கையை அப்படியே வைத்திருந்தாள்.

"தெரியும்" என்றாள் ஹேமா. "ரெண்டு மாசம் முன்னாடியே தெரியும். நான் எழுதிக் கொடுக்கல."

"ஏன்ட்டீ எங்கிட்ட சொல்லல?" இது நானில்லை, இசக்கி கேட்டது.

"சொன்னா நீ தூங்க மாட்ட. இவகிட்ட சொன்னா அடுத்த ரயில்ல வந்து நிப்பா." என் பக்கம் திரும்பினாள். குரல் தாழ்ந்தது. "இங்க நல்லா இருக்கேன் சுதா. உன்கிட்ட அதச் சொல்லத்தான் பயமா இருந்துச்சு."

தலையை ஆட்டினேன். இட்லியை விழுங்கத் தண்ணீர் தேவைப்பட்டது. இசக்கி ஹேமாவைப் பார்க்கவில்லை, ஜெயித்த முகமும் காட்டவில்லை. தன் பக்கம் இருந்த சட்னிக் கிண்ணத்தை என் தட்டருகே நகர்த்தினாள். "சாப்பிடுங்கக்கா, ஆறுது" என்றாள்.

மாலை ரயிலுக்கு இருவரும் வந்தார்கள். சைக்கிள் பையை இசக்கிதான் படுக்கைக்கு அடியில் தள்ளினாள். ரயில் நகர்ந்தபோது இரண்டு கைகள் ஆடின. மலை இருட்டும்வரை ஜன்னலில் கூடவே வந்தது.

அடுத்த ஞாயிறு வண்டலூருக்குப் பின்னால் தனியாகப் போனேன். வெயில், கருவேல முள், குவாரியில் தேங்கிய பச்சைத் தண்ணீர். இருபது நிமிடத்தில் உச்சிக்கு ஏறிவிடலாம். ஏறினால் தெரிவது அடுக்குமாடி வீடுகளும் புறவழிச் சாலையும். இறங்கி வந்து இளநீர் குடிக்கும்போது போனில் படம் வந்தது. அனுப்பியது இசக்கி. சாரலில் நனைந்து இருவரும் ஒரு குளத்தங்கரையில் நிற்கிறார்கள். "அக்கா, ஐப்பசி மழைக்குள்ள இன்னொருக்கா வந்துட்டுப் போங்க" என்று எழுதியிருந்தாள்.

வழக்கம்போல் படத்தைப் பெரிதாக்கி முதலில் ஹேமாவைப் பார்த்தேன். பிறகு விரல் இசக்கியின் முகத்துக்கு நகர்ந்தது. அவள் கண்ணை இடுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஹேமா ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சிரிப்புக்கு இசக்கி என்னை எவ்வளவு நேரம் காக்க வைத்தாள். ஹேமாவுக்கு அது ஞாயிறுதோறும் கிடைக்கிறது. இத்தனை நாள் இசக்கியை நினைத்துத்தான் வயிறு எரிந்தது. இப்போது ஹேமாவை நினைத்தும் எரிகிறது.